மோரிஸ் மைனர் மாஸ்டர் சிலிண்டருக்கு ஸ்லீவ்: கணபதி லேத் பட்டறை எப்படி?

அவசரத்தில் படிப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் பழைய காரின் மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் பாகம்) உள்ளே துருப்பிடித்துக் குழி விழுந்திருந்தால், கோவை கணபதியில் இருக்கும் இந்தப் பட்டறையில் கண்ணை மூடிக்கொண்டு ஸ்லீவ், அதாவது தேய்ந்த உள்சுவருக்குப் பதிலாக ஒரு புதுக் குழாய், போடக் கொடுக்கலாம். ஆனால் காரையே கொண்டுபோய் நிறுத்திவிட்டு "பிரேக் மொத்தத்தையும் பார்த்துக் குடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். லேத்தில் செய்கிற வேலைக்கும், காருக்கு அடியில் படுத்துச் செய்கிற வேலைக்கும் அங்கே அவ்வளவு தூரம். பட்டறையின் பெயரை எழுத வேண்டாம் என்று ஓனர் அண்ணனே கேட்டுக்கொண்டார், இருக்கிற வேலையே தாங்கவில்லையாம். ஊரில் பழைய கார் வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் வழி சொல்வார்கள்.

என்னிடம் இருப்பது 1954 மோரிஸ் மைனர், சீரீஸ் டூ, 803 சிசி இன்ஜின், முன்கண்ணாடி நடுவில் பிளவு போட்டது. நான்கு சக்கரத்திலும் ஏழு இஞ்ச் டிரம் (சக்கரத்தோடு சுற்றும் கிண்ணம், உள்ளே இருக்கும் ஷூக்கள் அதில் அழுந்தித்தான் வண்டி நிற்கும்), எல்லாம் லாக்கீட் கம்பெனியின் ஹைட்ராலிக், அதாவது ஆயில் அழுத்தத்தில் இயங்குவது. 1962-ல் 1098 சிசி வந்தபோதுதான் முன்பக்கம் எட்டு இஞ்ச் டிரம் போட்டார்கள், அது என் வண்டிக்கு இல்லை. பெரிய வேகம் போகிற கார் இல்லை என்பதால் இந்த பிரேக்கே போதும், நல்ல நிலையில் இருந்தால். பிரச்சினை என்னவென்றால் இது ஒற்றைச் சுற்று. பெடலில் இருந்து நான்கு சக்கரத்துக்கும் ஒரே ஆயில், ஒரே சிலிண்டர். எங்கேயாவது ஒரு இடத்தில் ஒழுகினாலும் நான்கும் போச்சு, மிச்சம் கேபிளில் இயங்கும் ஹேண்ட்பிரேக் மட்டும்தான். இன்றைய கார்களில் இருக்கிற இரட்டைச் சுற்று அமெரிக்காவிலேயே 1960-களின் கடைசியில்தான் கட்டாயம் ஆனது. அதனால் இந்த வயசு வண்டியில் "லேசா பெடல் இறங்குது, ஓட்டலாம்" என்கிற பேச்சுக்கே இடமில்லை.

என் வண்டியில் அதுதான் ஆரம்பம். சிக்னலில் நிற்கும்போது பெடலை ஒரே அழுத்தமாக மிதித்தபடி வைத்திருந்தால் மெல்ல மெல்ல உள்ளே போகும். வெளியில் ஒரு சொட்டு ஒழுகல் கிடையாது, சக்கரங்களின் உள்பக்கம் ஈரம் இல்லை, ஆயில் மட்டமும் குறையவில்லை. வெளியே ஒழுகாமல் பெடல் இறங்கினால் மாஸ்டர் சிலிண்டருக்குள்ளேயே பிஸ்டனின் முன்னால் ஆயிலை அடைத்துப் பிடிக்கும் ரப்பர் கப்பைத் தாண்டி ஆயில் பின்னால் போகிறது என்று அர்த்தம். இரண்டு முறை பம்ப் செய்தால் பெடல் கெட்டியாகிவிடும், அதை வைத்துக்கொண்டுதான் பலர் வருஷக்கணக்கில் ஓட்டுகிறார்கள், அது அவர்கள் தைரியம்.

மைனரில் மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றுவது தனிப் புராணம். பானெட்டைத் திறந்தால் அங்கே இருக்காது. டிரைவர் கால் வைக்கும் தரைக்குக் கீழே, சேசிஸ் பெட்டிக்குள் ஒளிந்துகொண்டிருக்கும், ஆயில் ஊற்றவே தரை விரிப்பைத் தூக்கி ஒரு மூடியைத் திறக்க வேண்டும். சிலிண்டரைப் பிடித்திருக்கும் நீளமான இரண்டு போல்ட்டுகளை உருவப் போனால் குறுக்கே முன்சக்கர சஸ்பென்ஷனின் டார்ஷன் பார் (ஸ்பிரிங்குக்குப் பதிலாக முறுக்கித் தாங்கும் கம்பி) நிற்கும். பாரைத் தளர்த்தி நகர்த்தினால்தான் போல்ட் வெளியே வரும், அந்தப் பாரோ முறுக்கேறிய நிலையில் இருக்கிற கம்பி, சரியாக முட்டுக் கொடுக்காமல் கழற்றினால் கையை எடுத்துவிடும். அலெக் இசிகோனிஸ் பெரிய மேதை, 1948-ல் இந்தக் காரையும் 1959-ல் மினியையும் கொடுத்தவர், எல்லாம் சரி, ஆனால் இந்த இடத்தை வடிவமைத்தபோது பின்னாளில் இதைக் கழற்றப்போகிறவனை அவர் நினைத்துப் பார்த்த மாதிரி தெரியவில்லை. கழற்றும் வேலையை பழைய வண்டிகளிலேயே ஊறிய, எனக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக்கை வைத்துச் செய்தேன். பட்டறைக்கு சிலிண்டரை மட்டும் கையில் எடுத்துப் போனேன்.

கொடுப்பதற்கு முன்னால் மற்ற வழிகளையும் பார்த்தேன். ரப்பர் கிட் மட்டும் மாற்றுவது மலிவு, ஆனால் அது சிலிண்டரின் உள்சுவர் கண்ணாடி மாதிரி இருந்தால்தான் பலிக்கும். என் சிலிண்டருக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் கீழ்ப்பக்கம் வரிசையாகக் குழி. பிரேக் ஆயில் காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், வண்டி மாதக்கணக்கில் ஓடாமல் நின்றால் அந்த ஈரம்தான் வார்ப்பிரும்பை அரிக்கும். குழி விழுந்த சுவரில் புது ரப்பர் போட்டால் கொஞ்ச நாள் நன்றாக இருக்கும், அப்புறம் குழியின் விளிம்பு கப்பின் உதட்டைச் சீவிவிடும். அடுத்த வழி இங்கிலாந்தில் இருந்து புதுசாகச் செய்த சிலிண்டரை வரவழைப்பது. மைனருக்கு அங்கே இன்னமும் ஏறக்குறைய எல்லா சாமானும் கிடைக்கிறது, அது இந்த காரின் பெரிய அதிர்ஷ்டம். ஆனால் தபால் செலவு, சுங்கம் எல்லாம் சேர்ந்தால் விலை எங்கேயோ போய்விடுகிறது. தவிர, புதுச் சிலிண்டர்களின் தரம் ஒரே சீராக இல்லை. நண்பர் ஒருவர் வரவழைத்துப் போட்டது ஒரு மழைக்காலம் தாண்டுவதற்குள் பழையபடி பெடல் இறங்க ஆரம்பித்தது, திறந்து பார்த்தால் உள்ளே ஹோனிங் (உள்சுவரைக் கல்லால் தேய்த்து வழவழப்பாக்குவது) சரியாகவே செய்யவில்லை, லேத் கத்தியின் கோடுகள் நகத்துக்குத் தட்டுப்படுகின்றன. பழைய வார்ப்பு உடம்பு கெட்டி. அதற்குள் துருப்பிடிக்காத எஃகு ஸ்லீவ் போட்டுவிட்டால் அந்தத் தேய்மானம் இனி நம் காலத்தில் வராது. இதுதான் என் கணக்கு.

பட்டறை பார்வைக்கு ஒன்றுமில்லை. தகரக் கூரை, மூன்று லேத், ஒரு ஹோனிங் மிஷின், சுவரெல்லாம் மோட்டார் பம்ப் பாகங்கள், கோவையில் எந்தச் சந்தில் நுழைந்தாலும் பார்க்கிற காட்சி. பம்ப்செட் வேலைதான் சோறு போடுகிறது, பழைய கார் வேலை ஓனர் அண்ணனுக்கு ஆசை. எனக்கு நம்பிக்கை வந்த இடம் எது என்றால், சிலிண்டரைக் கையில் வாங்கியதும் அவர் விலை சொல்லவில்லை. உள்விட்டம் அளக்கும் போர் கேஜை எடுத்து உள்ளே விட்டு நாலைந்து இடத்தில் அளந்து ஒரு பழைய டைரியில் எழுதிக்கொண்டார். ஏழு பை எட்டு இஞ்ச், அதாவது 22.2 மில்லிமீட்டர் இருக்க வேண்டியது, நடுவில் நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தது. அப்புறம் விளக்கைச் சாய்த்துப் பிடித்து, ரிசர்வாயர், அதாவது ஆயில் தொட்டி, பக்கம் இருந்து எட்டிப் பார்த்து, "இந்த ஊசி ஓட்டை எங்க இருக்குதுன்னு மொதல்ல குறிச்சுக்கோணுமுங்க, அதுக்கப்புறந்தான் போரிங்கே" என்றார். அந்த ஒரு வரிக்காகவே நான் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஏன் என்று கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் ஸ்லீவ் வேலை கெடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ரிசர்வாயரில் இருந்து சிலிண்டருக்குள் இரண்டு ஓட்டைகள் வரும். ஒன்று பெரியது, பிஸ்டனின் பின்பக்கம் ஆயில் நிரம்பி நிற்க. இன்னொன்று குண்டூசி நுழைகிற அளவு, பெடலை முழுக்க விட்ட நிலையில் கப்பின் உதட்டுக்கு மயிரிழை முன்னால் திறந்திருக்கும். பிரேக் சூடாகி ஆயில் விரிந்தால் அதிகப்படி ஆயில் இந்தப் பொடி ஓட்டை வழியாகத்தான் திரும்பிப் போகிறது. ஸ்லீவை அடித்து இறக்கினால் இரண்டு ஓட்டையும் மூடிக்கொள்ளும், திரும்ப அதே இடத்தில் துளை போட வேண்டும். ஒரு மில்லிமீட்டர் தள்ளிப்போனால் கப் அதை மூடிக்கொண்டே உட்காரும், ஆயில் திரும்ப வழி இல்லாமல் பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும், பத்து கிலோமீட்டரில் டிரம் கொதிக்கும். சரியான இடத்தில் போட்டும் உள்பக்கத்துப் பிசிறை எடுக்காமல் விட்டால் ஒவ்வொரு மிதிக்கும் அது கப்பைக் கீறும். பெடலில் இருந்து பிஸ்டனைத் தள்ளும் புஷ்ராடுக்கும் பிஸ்டனுக்கும் நடுவில் கொஞ்சம் இடைவெளி விட வேண்டும் என்று எல்லா மேனுவலும் அடித்துச் சொல்வதும் இதே ஓட்டைக்காகத்தான், இடைவெளி இல்லாவிட்டால் பிஸ்டன் முழுக்கப் பின்னால் வராது, ஓட்டை திறக்காது.

அவர் செய்த விதம்: பழைய சுவரைப் பெரிதாக்கி, துருப்பிடிக்காத எஃகுக் குழாயில் இருந்து கடைந்த ஸ்லீவை லாக்டைட் பசை தடவி இறுக்கமாக இறக்கி, ஒரு நாள் அப்படியே விட்டு, அதற்குப் பிறகு உள்ளளவைக் கடைந்து ஹோனிங். ஆயில் வெளியே போகும் முனையில் செக் வால்வு உட்காரும் கடைசி விளிம்பைச் சீண்டவில்லை, அந்த இடம் ஏற்கனவே நல்ல நிலையில் இருந்தது. பொடி ஓட்டையைப் போட்டு, உள்ளே மெல்லிய கல்லால் நீவி, பஞ்சுத் துணுக்கை இழுத்துப் பார்த்து, இழை மாட்டவில்லை என்று காட்டினார். பித்தளை ஸ்லீவ் ஏன் வேண்டாம் என்று கேட்டேன். பித்தளை கடைய சுலபம், துருவும் பிடிக்காது, ஆனால் மெத்தென்ற உலோகம், ஆயிலில் வரும் அழுக்குத் துகள் கோடு போட்டுவிடும் என்பது அவர் கட்சி. வெளிநாட்டில் பித்தளை ஸ்லீவ் போட்டு பல வருஷம் ஓட்டுகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள், அதனால் இதில் நான் நடுவர் வேலை பார்க்கவில்லை.

கூலி 4,500 ரூபாய், ரப்பர் கிட் என்னுடையது. வரவழைக்கும் புதுச் சிலிண்டரோடு ஒப்பிட்டால் இது பாதிகூட இல்லை.

இனி பிடிக்காதவை. சொன்ன தேதிக்குக் கிடைக்காது, பம்ப் கம்பெனி வேலை வந்தால் நம் சிலிண்டர் அலமாரிக்குப் போய்விடும், போன் அடித்தால் "நாளைக்கு முடிஞ்சுருமுங்க" என்பார்கள், அந்த நாளை எந்த நாளை என்று கேட்கக் கூடாது. பில் கேட்டால் துண்டுச் சீட்டு. கேட்காமலேயே வெளி உடம்புக்குப் பளபளவென்று வெள்ளி பெயின்ட் அடித்துக் கொடுத்தார்கள், மாஸ்டர் சிலிண்டரின் மேல் சாதாரண பெயின்ட் ஏன் அடிக்கக் கூடாது என்று பிரேக் ஆயில் ஒரு சொட்டு பட்டதும் அவர்களுக்கே தெரிந்தது, உரிந்து வந்துவிட்டது. இதெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது ஒன்று: அங்கே வேலை பார்க்கும் தம்பி ஒருவர் இன்னொருவரின் வீல் சிலிண்டர் (சக்கரத்தில் ஷூவைத் தள்ளும் சின்ன சிலிண்டர்) பாகங்களை ரப்பரோடு சேர்த்து டீசலில் போட்டு அலசிக்கொண்டிருந்தார். டீசல், பெட்ரோல், கிரீஸ், இன்ஜின் ஆயில் எதுவும் பிரேக் ரப்பரின் கிட்டேயே வரக் கூடாது. பட்ட ரப்பர் ஊதிப் பெருத்து, பிஸ்டன் சிக்கிக்கொள்ளும். அலசுவதென்றால் ஸ்பிரிட், இல்லாவிட்டால் புது பிரேக் ஆயில். ஓனரிடம் சொன்னேன், அவர் அந்தத் தம்பியைச் சத்தம் போட்டார், ஆனால் அவர் பக்கத்தில் இல்லாதபோது என்ன நடக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அதனால்தான் வெறும் இரும்பு உடம்பை மட்டும் கொடுங்கள், பிஸ்டன், கப், ஸ்பிரிங், செக் வால்வு எல்லாவற்றையும் வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்கிறேன். பிஸ்டனை மட்டும் அளவு பார்க்கக் காட்டிவிட்டு வாங்கிவந்துவிடுங்கள்.

வீட்டில் வைத்து நாங்களே பூட்டினோம். லாக்கீட் கிட்டில் கப்புக்கும் பிஸ்டனுக்கும் நடுவில் மெல்லிய ஒரு வளைந்த வாஷர் வரும், பார்த்தால் வேண்டாத சாமான் போல இருக்கும், பல மெக்கானிக்குகள் அதை அட்டைப்பெட்டியிலேயே விட்டுவிடுகிறார்கள். பெடலை விடும்போது பிஸ்டன் தலையில் உள்ள துளைகளுக்குள் கப் உறிஞ்சப்படாமல் காப்பது அதுதான். பூட்டி முடித்து, ஆயில் போகும் வாயை அடைத்து, புஷ்ராடை வைஸில் கொடுத்து அழுத்தி வைத்தோம். இறங்கவே இல்லை.

வீல் சிலிண்டருக்கு ஸ்லீவ் போடலாமா என்று கேட்டால் என் பதில் வேண்டாம். பட்டறையில் போட்டுத் தரத் தயார்தான், ஒவ்வொன்றுக்கும் தனிக் கூலி. மைனரில் முன்பக்கம் ஒரு சக்கரத்துக்கு இரண்டு, பின்பக்கம் ஒன்று, ஆக ஆறு சிலிண்டர். புதுசு சின்ன சாமான், எடை கம்மி, ஒரே பார்சலில் ஆறும் வந்துவிடும், விலையும் ஸ்லீவ் கூலிக்கு அருகில்தான். அதோடு மூன்று ரப்பர் ஹோஸ்களையும் சேர்த்து வாங்கிவிடுங்கள், முன்னால் இரண்டு, பின் ஆக்சிலுக்கு ஒன்று. வெளியில் பார்க்க நன்றாக இருக்கும் பழைய ஹோஸ் உள்ளே ஊதி வழியை அடைத்துக்கொள்ளும், மிதித்தால் ஆயில் போகும், விட்டால் திரும்பாது. ஒரு சக்கரம் மட்டும் சூடாகிறது என்று வீல் சிலிண்டரை மாற்றி மாற்றிப் பார்த்து அலுத்தவர்களின் வண்டியில் குற்றவாளி பல நேரம் இந்த ஹோஸ்தான். பிரேக் லைட் சுவிட்சும் இந்தக் காரில் ஆயில் அழுத்தத்தில் இயங்குவது, அதன் உள்ளேயும் ஒழுகும், அதையும் மாற்றினேன்.

இரும்புக் குழாய்களை இந்தப் பட்டறையில் செய்து தருவதாகச் சொன்னார்கள், மறுத்துவிட்டேன். பழைய இங்கிலீஷ் வண்டியில் இஞ்ச் மரை, இங்கே கைக்கு எட்டும் நட்டுகள் மெட்ரிக், இரண்டும் பக்கத்துப் பக்கத்து அளவு, ஆனால் சேராது. தம்பி வலுக்கட்டாயமாக ஒன்றை ஏற்றிக் காட்டினார், அத்தோடு போதும் என்று வந்துவிட்டேன். குழாயின் வாய் மடிப்பிலும் இரண்டு வகை இருக்கிறது, எந்த முனைக்கு எது என்று பழைய குழாயைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் செய்ய வேண்டும். நான் செம்பு-நிக்கல் கலவைக் குழாய் போட்டேன், துருப்பிடிக்காது, கையாலேயே வளையும். வெறும் செம்புக் குழாய் ஏசி கடையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அது வண்டி அதிரஅதிர இறுகி வெடிக்கும்.

ஆயில் விஷயத்தில் பெரிய சண்டையே உண்டு. பிரேக் ஆயில் டப்பாவில் போட்டிருக்கும் தரக் குறியீடுகளில் டாட் 3, டாட் 4, டாட் 5.1 மூன்றும் ஒரே வகை, ஈரம் இழுக்கும், பெயின்ட்டைத் தின்னும். டாட் 5 சிலிக்கான், ஈரம் இழுக்காது, பெயின்ட்டை ஒன்றும் செய்யாது, ஷோவுக்கு மட்டும் வெளியே எடுக்கிற வண்டிக்காரர்கள் அதை விரும்புகிறார்கள். நான் டாட் 4 ஊற்றினேன். புதுசாக இருக்கும்போது 230 டிகிரியில்தான் கொதிக்கும், ஈரம் ஏறியபின் 155 வரை இறங்கலாம், அதனால் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றிவிட வேண்டும். சிலிக்கான் ஆயிலில் நுண்ணிய காற்றுக் குமிழ் தங்கிப் பெடல் மெத்தென்று இருக்கும் என்பது ஒரு காரணம், அதைவிடப் பெரிய காரணம் வழியில் எங்காவது குறைந்தால் மேட்டுப்பாளையத்து ஸ்பேர்ஸ் கடையில் கிடைப்பது டாட் 3-யோ டாட் 4-ஓ தான். இரண்டு வகையையும் கலக்கக் கூடாது.

பழைய ஷூ லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும் என்று வைத்துக்கொண்டே டிரம்மைத் திறங்கள். நம் ஊர் ஷெட்டுகளில் காற்றுக் குழாயைப் பிடித்து ஊதித்தள்ளுவார்கள், அந்தத் தூசி நேராக நுரையீரலுக்கு. தண்ணீர் தெளித்து ஈரத் துணியால் துடைத்தால் முடிந்தது.

ஏர் எடுப்பதற்கு, அதாவது பிரேக் குழாய்களில் சிக்கிய காற்றை வெளியேற்றுவதற்கு, மைனர் கொஞ்சம் பொறுமை கேட்கும். ஆயில் தொட்டியே தரைமட்டத்தில் இருப்பதால் சக்கரத்தில் காற்று வெளியேறும் நிப்பிளைத் திறந்து சும்மா சொட்டவிடும் முறை இதில் சரிப்படாது. ஒருவர் மிதிக்க ஒருவர் நிப்பிளைத் திறந்து மூட, தூரத்துச் சக்கரத்தில் தொடங்கிக் கிட்டத்துக்கு வர வேண்டும். இடையில் தரை மூடியைத் திறந்து ஆயிலைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கு முன்னால் ஷூக்களை டிரம்மோடு நெருக்கமாகத் திருகி வைத்துக்கொள்ளுங்கள். சக்கரத்தில் உள்ள ஓட்டை வழியாக ஸ்குரு டிரைவரை விட்டு டிரம்மைச் சுற்றிச்சுற்றி அட்ஜஸ்டரைத் தேட வேண்டும், முன்சக்கரத்தில் ஒவ்வொன்றுக்கும் இரண்டு அட்ஜஸ்டர், ஒன்றைத் திருகிவிட்டு மற்றதை மறப்பவர்கள்தான் "ஏர் எடுத்தும் பெடல் ஆழமாப் போகுது" என்று புலம்புவது.

முதல் சோதனை மருதமலை ஏற்றம், காலையில் கூட்டம் வருவதற்கு முன்னால். பெடல் பாதியிலேயே கெட்டி, மிதித்தபடி வைத்திருந்தால் அசைவில்லை, வண்டி ஒரு பக்கமும் இழுக்கவில்லை. நிஜமான சோதனை குன்னூரில் இருந்து மேட்டுப்பாளையம் இறக்கம், பதினான்கு கொண்டை ஊசி வளைவு. இரண்டாவது கியரிலேயே இறங்கினேன். டிரம் பிரேக் சூடானால் டிரம் விரிந்து ஷூவை விட்டு விலகும், பெடல் நீளும், எந்த ஸ்லீவும் அதை மாற்றாது, கொஞ்சம் நீளத்தான் செய்தது. பர்லியாரில் நிறுத்தினேன், மங்குஸ்தான் வாங்குகிற சாக்கில். நான்கு சக்கரமும் ஏறக்குறைய ஒரே சூடு, ஒன்றுகூடப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை, வண்டியைக் கையால் தள்ளினால் நகர்கிறது. அந்தப் பொடி ஓட்டை வேலை செய்கிறது என்பதற்கு அதைவிட நல்ல அத்தாட்சி கிடைக்காது. அதற்குப் பிறகு ஒரு வடகிழக்குப் பருவமழை தாண்டிவிட்டது, பெடல் அப்படியே இருக்கிறது.

லேத் வேலைக்கு ஐந்துக்கு ஐந்து. நேரம், பில், பெயின்ட் வகையறாவுக்கு இரண்டு. குழாய், பூட்டுதல் வேலைக்கு மதிப்பெண் போடுகிற அளவு நான் அவர்களை விடவே இல்லை. அம்பாசடர், பத்மினி, ஹெரால்டு சிலிண்டர்களும் அலமாரியில் வரிசையில் இருந்தன, ஆக மோரிஸ் மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். போவதற்கு முன் போன் செய்யுங்கள், மதியம் இரண்டு மணிக்கு மேல்தான் ஓனர் அண்ணன் கடையில் இருப்பார். சிலிண்டரை ஸ்பிரிட்டால் கழுவித் துடைத்து, பிஸ்டனை மட்டும் தனிக் கவரில் எடுத்துப்போய் அளவு காட்டிவிட்டு, கையோடு திருப்பி வாங்கிக்கொண்டு வாருங்கள். பெயின்ட் அடிக்க வேண்டாம் என்று டைரியில் உங்கள் கண் முன்னாலேயே எழுதச் சொல்லுங்கள்.